கீறல் தெரியாத கலர் எதுங்க?

கோயமுத்தூர் அவினாசி ரோட்டில் ஏதாவது ஒரு கார் ஷோரூமுக்குள் போய் அரைமணி நேரம் சும்மா உட்காருங்கள். மைலேஜ் எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, மாசத் தவணை எவ்வளவு என்கிற கேள்விகள் எல்லாம் ஓய்ந்த பிறகு, வந்திருக்கும் குடும்பத்தில் மூத்தவர் ஒருத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்பார்:

‘‘ஏனுங்க, கீறல் விழுந்தா தெரியாத கலர் எதுங்க?’’

பேரனுக்குச் சிவப்பு வேண்டும். மகனுக்குக் கறுப்பு. மருமகள் அந்த நீலத்தின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறார். பெரியவருக்கு மட்டும் கலரில் ஆசை எதுவும் கிடையாது. கவலைதான் இருக்கிறது.

சிரிக்காதீர்கள். அவர் என்ன கேட்டார் என்பதைக் கவனியுங்கள். கீறல் விழாத வண்டி எது என்று கேட்கவில்லை. கீறல் விழத்தான் போகிறது என்பதை வண்டி எடுப்பதற்கு முன்னாலேயே ஒப்புக்கொண்டுவிட்டார். தெரியாமல் இருந்தால் போதும் என்கிறார்.

குறை இருக்கட்டும், வெளியே தெரியவேண்டாம் என்று நினைப்பது புத்திசாலித்தனமா, ஏமாற்று வேலையா? கார் வாங்குகிறவர் மட்டும் யோசிக்கவேண்டிய கேள்வி இல்லை இது. குடும்பம் நடத்துகிறவர், கம்பெனி நடத்துகிறவர், பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர் எல்லோருக்கும் வருகிற கேள்வி. காரில் ஆரம்பித்தால் சுலபமாகப் பிடிபடும் என்று தோன்றுகிறது.

*

முதலில், பெரியவரின் கவலை எங்கேயிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம்.

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு ‘இட்டேரி’ என்றால் விளக்கவேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் உயிர்வேலி, நடுவில் ஒரு மாட்டு வண்டி போகிற அளவுக்குத் தடம். அதுதான் இட்டேரி. ஊரிலிருந்து தோட்டத்துக்கும், தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்கும் போகிற வழி. வேலியில் கிளுவை இருக்கும், கள்ளி இருக்கும், சூரைமுள் இருக்கும், அதன் மேல் பிரண்டையும் கோவைக்கொடியும் படர்ந்திருக்கும். காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கம் போனால் கொறங்காடு என்று சொல்லப்படும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி இந்தக் கிளுவை வேலியைப் பார்க்கலாம். காங்கயம் மாடுகள் காலங்காலமாக மேய்ந்தது இந்த வேலிக்குள்தான்.

மாட்டு வண்டிக்குப் பெயிண்ட் பற்றிக் கவலை இல்லை. கார் அப்படியா? அகலம் அதிகம். போதாததற்கு இரண்டு காதுகள் மாதிரி இரண்டு பக்கமும் கண்ணாடி நீட்டிக்கொண்டிருக்கிறது. மழை பெய்து வேலி தழைத்த நேரத்தில் இட்டேரிக்குள் காரை விட்டால், ‘கிறீச்’ என்று ஒரு சத்தம் கதவோடு கூடவே வரும். மகனுக்குப் பல் கூசும். பெரியவர் சொல்வார்: ‘‘தோட்டத்துக்குப் போகோணும்னா முள்ளு இழுக்கத்தான் செய்யும் கண்ணு. அதுக்காகப் போகாம இருக்க முடியுமா?’’

ஆக, அவர் கேட்டது அலங்காரக் கேள்வி இல்லை. வண்டி தினமும் எந்தத் தடத்தில் போகப்போகிறது என்று தெரிந்த ஒருவரின் கேள்வி.

பதில் என்ன? பெயிண்ட் என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது ஒரே பூச்சு இல்லை. தகரத்தின் மேல் துருப்பிடிக்காமல் காக்கும் ஓர் அடுக்கு. அதன் மேல் பிரைமர். அதன் மேல் கலர். எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாமல் கண்ணாடி மாதிரி ‘கிளியர் கோட்’. எல்லாம் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் தலைமுடி ஒன்றின் தடிமனே ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும். பத்து லட்ச ரூபாய் வண்டியின் பளபளப்பு முழுக்க இரண்டு தலைமுடி உயரத்துக்குள் அடக்கம்!

முள் கிழிப்பது பெரும்பாலும் மேலே இருக்கிற கிளியர் கோட்டைத்தான். அந்த மெல்லிய கீறலுக்கு என்று சொந்தமாக நிறம் எதுவும் கிடையாது. வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. கறுப்பு வண்டியில் அது கரும்பலகையில் சாக்பீஸ் கோடு. வெள்ளை வண்டியில் வெள்ளைக் கோடு யார் கண்ணில் படும்? சில்வரும் வெளிர் சாம்பலும் இன்னும் கெட்டி. மெட்டாலிக் பெயிண்டில் பொடிப் பொடியாக உலோகத் துகள்கள் ஏற்கெனவே வெளிச்சத்தைச் சிதறடித்துக்கொண்டிருக்கும். நம் கீறலும் கூட்டத்தோடு கோவிந்தா போட்டுவிடும்.

இன்னொன்று. எல்லாக் கீறலுக்கும் முள்ளைக் குற்றம் சொல்லாதீர்கள். காலையில் வண்டியின் மேல் படிந்திருக்கும் புழுதியைக் காய்ந்த துணியால் ‘பளிச்’ என்று துடைக்கிறோமே, அந்தப் புழுதியில் இருக்கிற மணல் துகள் கிளியர் கோட்டை விடக் கடினமானது. வெயிலில் நின்று பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடுகள் தெரிவது அதனால்தான். காப்பாற்றுகிறேன் என்று நாம் போட்ட கீறல்கள்.

எனவே பெரியவருக்கு நேரடி பதில்: வெள்ளை, சில்வர், வெளிர் சாம்பல், மண் நிறம். கறுப்பு பக்கமே போகவேண்டாம். இந்தியாவில் அதிகமாக விற்கிற கார் நிறம் வெள்ளைதான், உலகத்திலும் அப்படித்தான்.

காட்டுக்குள் போவதற்கென்றே பிறந்த மாதிரி இருக்கும் ஆலிவ் பச்சையை மட்டும் கேட்டுவிடாதீர்கள். 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-வது விதி, ராணுவ வண்டி தவிர வேறு எந்த வண்டிக்கும் அந்தக் கலர் கூடாது என்கிறது. மறைந்துகொள்ளும் கலரில் ஒன்றை அரசாங்கம் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டது!

மறைவது, தெரிவது இரண்டுமே தேவைக்குத் தகுந்தபடிதான். 2018-ல் ஜப்பானில் புது ஜிம்னி ஜீப்பை இறக்கியபோது சுசுகி கம்பெனி இரண்டு கலர்களைக் காட்டியது. ஒன்று, மோசமான வானிலையிலும் தூரத்திலிருந்து கண்ணில் படுகிற பளிச் மஞ்சள். இன்னொன்று, காட்டோடு காடாகக் கலந்துவிடுகிற பச்சை. வண்டி ஒன்றுதான். ஒருவருக்கு அது தெரியவேண்டும், இன்னொருவருக்கு அது மறையவேண்டும். எது ஒழுக்கமான கலர் என்று கேட்டால் பதில் கிடையாது. யாரிடமிருந்து எதை மறைக்கிறோம் என்று கேட்டால்தான் கேள்விக்கே அர்த்தம் வருகிறது.

கீறலைப் பார்க்கக்கூடியவர்கள் மூன்று பேர். ஊர், நாம், நம்மிடமிருந்து நாளைக்கு வண்டியை வாங்கப்போகிறவர். ஒவ்வொருவராகப் பார்க்கலாம்.

*

ஊரிடம் மறைப்பதில் ஒரு தப்பும் இல்லை. இதைச் சொல்வதற்கு நான் காக்கியைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன்.

காக்கி என்ற சொல்லுக்கே புழுதி நிறம் என்றுதான் அர்த்தம். ‘காக்’ என்றால் பாரசீகத்தில் மண். 1846-ல் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி தொடங்கிய ‘கைட்ஸ்’ படைப்பிரிவு, சிவப்புக் கோட்டுக்குப் பதிலாக இந்தப் புழுதிக் கலரைப் போட்டுக்கொண்டது. எதிரி கண்ணில் படக்கூடாது, தூசும் தெரியக்கூடாது. அங்கிருந்து அது ஊர் ஊராக வந்தது. நம்மூரில் ஆட்டோ டிரைவர், பஸ் கண்டக்டர், கவர்ன்மென்ட் ஸ்கூல் பையனின் அந்தக்காலத்து அரைடிரவுசர்... இவர்களையெல்லாம் ஏமாற்றுக்காரர்கள் என்று யாராவது சொன்னதுண்டா? தினமும் துவைத்துப் போட வசதி இல்லாதவர்களுக்குக் கிடைத்த கௌரவம் அது.

இதற்கு எதிர்ப்பக்கம் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஒரு சொட்டு சாம்பார் விழுந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடப்பதே, ‘நான் அழுக்கில் கை வைக்கிற ஆள் இல்லை’ என்று சொல்லாமல் சொல்வதுதான். அந்த வெள்ளையைத் துவைத்து, நீலம் போட்டு, இஸ்திரி போடுகிற கை வேறொருவருடையது. கறை தெரிகிற நிறத்தைப் போட்டுக்கொள்வதில் நேர்மை இருக்கிறது என்று உடனே சொல்லிவிட முடியாது. பல நேரங்களில் அது வசதி. கறுப்புக் காருக்கும் இது பொருந்தும். கறுப்புக் கார் வைத்திருப்பவர் வீட்டில் தினமும் அதைத் துடைக்க யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

கீறலைக் காட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. காட்டுப் பாதையில் ஜீப் ஓட்டப் போகிற பையன்களுக்குக் கீறல் என்பது மெடல். திங்கட்கிழமை ஆபீஸ் பார்க்கிங்கில் சேறு படிந்த வண்டியைக் கழுவாமல் நிறுத்துவதில் ஒரு பெருமை. தப்பில்லை. ஆனால், அதுவும் ஒரு மேக்கப்தான். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறைக்குப் போனால், அங்கே எஸ்டேட் ஜீப்புகள் ஓடும். அதை ஓட்டுகிற டிரைவர் கீறலை மறைப்பதும் இல்லை, காட்டிக்கொள்வதும் இல்லை. அவருக்கு வேலை இருக்கிறது.

பெரியவரின் கேள்வியில் இன்னொரு நியாயமும் ஒளிந்திருக்கிறது. இட்டேரிக்குள் காரை விட்டுக் கீறல் விழுந்தால், உங்கள் முன்னால் இரண்டு வழி. ஒன்று, கீறல் தெரியாத கலர். இன்னொன்று? பொக்லைனைக் கூப்பிட்டு வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கம்பி வேலி போடுவது. கொங்கு நாட்டில் பல இட்டேரிகள் அப்படித்தான் போயின. தடம் அகலமாகிவிட்டது, கார் சொகுசாகப் போகிறது. அந்த வேலிக்குள் இருந்த கவுதாரியும் கீரியும் ஓணானும் எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. கிளுவையை ஒடித்து நட்டு, அது வேர்பிடித்து ஆடு நுழையாத வேலியாக வருவதற்குப் பல வருஷம் ஆகும். பிடுங்க அரைநாள் போதும்.

‘முள் அதுபாட்டுக்கு இருக்கட்டும், என் வண்டியில் கீறல் விழட்டும், கலரில் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்கிறவர், உலகத்தைத் தன் பெயிண்டுக்கு ஏற்ற மாதிரி செதுக்கச் சொல்லவில்லை. அது பெரிய மனசு. அவருக்கு என் ஓட்டு உண்டு.

*

இரண்டாவது ஆள், நாம். இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

ஊருக்குத் தெரியாத கலர் நமக்கும் தெரியாத கலர்தானே? கறுப்பு வண்டிக்காரர் பாவம், ஒவ்வொரு கோட்டுக்கும் வயிறு எரிவார். ஆனால், எந்தக் கீறல் எங்கே எப்போது விழுந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். வெள்ளை வண்டிக்காரர் நிம்மதியாக இருப்பார். அந்த நிம்மதிக்குள் எல்லாக் கீறலும் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்துவிடும். அதாவது, ஒன்றுமே தெரியாது.

கீறல்களில் இரண்டு ஜாதி. உங்கள் விரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெதுவாக ஓட்டுங்கள். நகம் தடங்காமல் வழுக்கிக்கொண்டு போனால், அது கிளியர் கோட்டோடு நின்ற கீறல். ரப்பிங் பாலிஷ் போட்டால் பெரும்பாலும் போய்விடும். போடாவிட்டாலும் குடி முழுகாது. நகம் சிக்கி நின்றால், அது உள்ளே இறங்கிய கீறல். தகரம் வரைக்கும் போயிருந்தால் கதையே வேறு. அதில் ஈரம் இறங்கும். துரு பிடிக்கும். துரு, பிடித்த இடத்திலேயே நிற்காது. பெயிண்டுக்கு அடியில் சத்தமில்லாமல் நாலாபக்கமும் நகரும். மேலே கலர் அப்படியே இருக்கும். இரண்டு மழைக்காலம் போன பிறகு கதவின் அடி விளிம்பில் வெற்றிலைக் கறை மாதிரி ஒரு புள்ளி தெரியும். அழுத்திப் பார்த்தால் விரலே உள்ளே போகும்.

டிங்கர் வேலை பார்க்கும் அண்ணன் ஒருத்தர் இதற்குச் சொன்ன வைத்தியம் எனக்கு மிகவும் பிடித்தது. ‘‘கலரு கண்ணைத்தான் ஏமாத்துமுங்க. கையை ஏமாத்தாது. வண்டியைக் கழுவுனதும் ஒருவாட்டி கையால தடவிப் பாருங்க’’ என்றார்.

பி.காம். படித்த என் மூளைக்கு இது உடனே வேறு பாஷையில் கேட்டது. கணக்குப் பாடத்தில் ‘தேய்மானம்’ என்று ஒன்று உண்டு. கார் வாசலில் பளபளவென்று நிற்கும். கணக்குப் புத்தகத்தில் மட்டும் வருஷா வருஷம் அதன் மதிப்பைக் குறைத்து எழுதுவோம். பளபளப்புக்கும் அந்தக் கழித்தலுக்கும் சம்பந்தமே இல்லை. இன்ஷூரன்ஸ்காரர்களின் வழக்கமான அட்டவணை, நான்கு வயது தாண்டிய வண்டிக்கு விலையில் பாதியைக் கழித்துவிடும், நீங்கள் எத்தனை தடவை பாலிஷ் போட்டிருந்தாலும். எங்கள் வாத்தியார் இதைச் சொல்லிக்கொடுத்தபோது தூக்கம் வந்தது. இப்போது யோசித்தால், மனிதன் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளாமல் இருக்கக் கண்டுபிடித்த நல்ல ஏற்பாடுகளில் அதுவும் ஒன்று என்று தோன்றுகிறது. கண்ணுக்கு மறைக்கலாம், கணக்குக்கு மறைக்கக்கூடாது.

2009-ம் வருஷம் ஜனவரி 7-ம் தேதி ஞாபகம் இருக்கிறதா? சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு, தன் கம்பெனிக் கணக்கில் இருப்பதாகக் காட்டிய பணத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று கடிதம் எழுதி ஒப்புக்கொண்ட நாள். அந்தக் கடிதத்தில் அவர் சொன்ன ஒரு விஷயம், உண்மைக் கணக்குக்கும் காட்டிய கணக்குக்கும் ஆரம்பத்தில் இருந்த இடைவெளி சின்னதுதான், வருஷங்கள் போகப் போக அது கட்டுக்கு அடங்காமல் வளர்ந்துவிட்டது என்பது. கணக்கியலில் இந்த மாதிரி பூசி மெழுகுவதற்கு ‘விண்டோ டிரெஸ்ஸிங்’ என்று ஒரு நாகரிகமான பெயர் உண்டு. நம்மூர் டிங்கர் கடை பாஷையில் ‘பட்டி பார்ப்பது’. கீறல் தகரத்தைத் தொட்டதும் பட்டி வைத்து மேலே கலர் அடித்துவிட்டார்கள். அடியில் துரு நடந்துகொண்டே இருந்தது.

*

மூன்றாவது ஆள்தான் முக்கியமானவர். நாளைக்கு நம் வண்டியை வாங்குகிறவர்.

நம் ஊர் ‘ஆட்டோ கன்சல்டிங்’ கடைகளுக்குப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு வண்டியும் வாட்டர் வாஷ் முடித்து, டயருக்குக் கறுப்பு பூசி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கும். வாங்க வருகிறவர் பானெட்டைத் தட்டிப் பார்ப்பார். ‘‘கம்பெனி பெயின்ட்டுங்களா, இல்ல அடிச்சதுங்களா?’’ என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியில் மொத்த நீதி சாஸ்திரமும் இருக்கிறது.

பி.காம். மாணவர்கள் எல்லோரும் படிக்கும் 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 17-வது பிரிவு, மோசடி என்றால் என்ன என்று சொல்கிறது. தெரிந்த ஒரு உண்மையை முனைந்து மறைத்தால் மோசடி. சும்மா வாயை மூடிக்கொண்டிருந்தால், பொதுவாக, மோசடி இல்லை. இதை விளக்கச் சட்டமே ஒரு குதிரைக் கதை சொல்கிறது. ஒருவர் நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்கிறார். நோய் இருப்பது அவருக்குத் தெரியும். ஆனால், ஒன்றும் சொல்லவில்லை. அது மோசடி ஆகாது. அதே குதிரையை வாங்குகிறவள் அவருடைய மகள், இப்போதுதான் மேஜர் ஆனவள் என்றால்? அப்போது சொல்லவேண்டியது அவர் கடமை. இன்னொன்று: வாங்குகிறவர், ‘நீங்கள் மறுத்துச் சொல்லாவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்’ என்கிறார். இவர் பேசாமல் இருக்கிறார். அப்போது அந்த மௌனமே பேச்சு.

பரீட்சைக்கு இதை மனப்பாடம் செய்தபோது தோன்றாத ஒரு கேள்வி இப்போது தோன்றுகிறது. மகளுக்குச் சொல்லவேண்டும், அந்நியனுக்குச் சொல்லவேண்டாம் என்று சட்டம் ஒரு கோடு போட்டுவிட்டது. சட்டத்தால் அவ்வளவுதான் முடியும். ஆனால், அந்தக் கோட்டை நாம் எங்கே போட்டுக்கொள்கிறோம்? துருப்பிடித்த அடிப்பாகம் உள்ள காரில் நாளைக்கு உட்காரப் போகிறவளும் யாரோ ஒருவருடைய மகள்தானே?

இது புதுச் சண்டை இல்லை. கி.மு. 44-ல் ரோமானியரான சிசரோ எழுதிய கடமைகள் பற்றிய நூலில் ஒரு தானிய வியாபாரி வருகிறான். ரோட்ஸ் தீவில் பஞ்சம். இவன் முதலில் கப்பலோடு வந்துவிட்டான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவது இவனுக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் விலை விழுந்துவிடும். சொல்லவேண்டுமா? வேண்டியதில்லை என்று ஒரு ஞானி. சொல்லியே ஆகவேண்டும், மனிதர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் உறவு என்று அவருடைய சிஷ்யர். தன் லாபத்துக்காக, அடுத்தவருக்குத் தெரியவேண்டியதைத் தெரியாமல் வைப்பது தப்பு என்று சிஷ்யர் பக்கம்தான் சிசரோ சாய்கிறார்.

அவ்வளவு தூரம் போவானேன். வெள்ளகோவில் பக்கம் கண்ணபுரத்தில், மாரியம்மன் கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் மாட்டுச் சந்தைக்குப் போகலாம். காங்கயம் மாடுகளுக்குப் பேர்போன சந்தை. விற்க வருகிறவர் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்பைச் சீவி, கழுத்துக்கு மணி கட்டி நிறுத்தியிருப்பார். வாங்குகிறவர் அதைப் பார்த்து ஏமாறுவது இல்லை. பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். கொம்பு சீவியது அலங்காரம் என்று இரண்டு பேருக்குமே தெரியும். இரண்டு பேருக்கும் தெரிந்த அலங்காரம் பொய் ஆகாது. நொண்டுகிற காலுக்கு மருந்து போட்டு, சந்தை முடிகிற வரைக்கும் நிமிர்த்தி நடக்கவிடுவது வேறு சங்கதி. வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய் ஏரில் பூட்டும்போதுதான் தெரியும்.

விற்பதற்கு முன்னால் பாலிஷ் போடுவது கொம்பு சீவுவது. துருப்பிடித்த இடத்தில் பட்டி வைத்து கலர் அடித்துவிட்டு ‘கம்பெனி பெயின்ட்டுங்க’ என்பது நொண்டி மாட்டை ஓட்டிக்கொண்டு வருவது. வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் வைக்கிற அளவுகோலும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சொன்ன சொல்லால் யாருக்காவது தீங்கு உண்டா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. மறைத்த கீறலுக்கும் அதையே கேட்கலாம். இதனால் யாருக்கு நஷ்டம்? யாருக்கும் இல்லை என்றால் நிம்மதியாக மறைத்துக்கொள்ளுங்கள். அந்த நஷ்டத்தைக் கட்டப்போவது இன்னொருவர் என்றால், சொல்லிவிடுங்கள்.

*

காரை ஓரமாக நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வருவோம்.

நம் எல்லோருக்கும் ஒரு கலர் இருக்கிறது. வீட்டுக்கு ஒறம்பரை வந்திருக்கும்போது புருஷன் பெண்டாட்டி சண்டையை நிறுத்திவிட்டுச் சிரித்துப் பேசுவது, சம்பளம் வராத மாசத்திலும் மொய் எழுதுவது, ‘எப்படி இருக்கீங்க’ என்றால் ‘நல்லா இருக்கறனுங்க’ என்பது... எல்லாம் கிளியர் கோட் கீறல்கள். ஊருக்குக் காட்டவேண்டிய அவசியம் இல்லை. எல்லாவற்றையும் எல்லோரிடமும் கொட்டுவதுதான் நேர்மை என்று நினைத்தால் எந்த வீட்டிலும் யாரும் காபி குடிக்க முடியாது.

ஆனால், கட்டிக்கொடுத்த பெண் நோம்பிக்கு அம்மா வீட்டுக்கு வருகிறாள். வேகாத வெயிலில் முழுக்கை ரவிக்கை. ‘‘எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்கம்மா’’ என்கிறாள். கலர் பிரமாதமாகத்தான் இருக்கிறது. கண்ணால் பார்க்கிற அம்மா, ‘நம்ம பொண்ணு கெட்டிக்காரி, அனுசரிச்சுப் போறா’ என்று நினைத்துக்கொண்டு சீர் கொடுத்து அனுப்பிவைப்பாள். கையால் பார்க்கிற அம்மா, ராத்திரி பக்கத்தில் படுத்துக்கொண்டு கையைத் தடவி, ‘‘என்ன கண்ணு இது?’’ என்று கேட்பாள். நகம் சிக்குகிற இடம் அதுதான். அங்கே ‘ஊருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தக் கீறலை மறைத்து வைத்தால் அடியில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும்.

விவசாயியின் கடன், ஹாஸ்டல் பையனின் மௌனம், அப்பா யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கும் நெஞ்சு வலி... எல்லாவற்றுக்கும் இதே சோதனைதான். ஊருக்குத் தெரியவேண்டாம், சரி. வீட்டில் ஒருவருக்காவது தெரியுமா?

ஷோரூமில் பெரியவர் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறார். அவரிடம் இப்படிச் சொல்லலாம். சில்வர் எடுங்கள் ஐயா, இல்லாவிட்டால் வெள்ளை. இட்டேரி முள்ளை வெட்டவேண்டாம், அதுபாட்டுக்கு இழுக்கட்டும். காய்ந்த துணியால் துடைக்கவேண்டாம், தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கழுவி முடித்ததும் கையால் ஒரு தடவை தடவிப் பாருங்கள். நகம் சிக்கினால் அந்த வாரமே டிங்கர் கடைக்குப் போய் டச்சப் செய்துவிடுங்கள். என்ன செய்தீர்கள், எந்தக் கதவில், எந்தத் தேதியில் என்று டேஷ்போர்டுக்குள் ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். வண்டியைக் கொடுக்கும்போது சாவியோடு அந்த நோட்டையும் கொடுங்கள்.

விலையில் ஐயாயிரம், பத்தாயிரம் குறையலாம். வாங்கிக்கொண்டு போகிறவர் தன் மகளை முன்சீட்டில் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போவார்.